கோயில் நிலத்துக்கு நான் சொன்ன தடை

தம்பி,

குருவானவர் நேற்று சாயங்காலம் போனில் உறுதி செய்தார். கோயில் நிலத்துக்கான மூன்றாம் அறிவிப்பு வருகிற ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்படும். அதற்குச் சற்று முன், அதே ஆராதனையில், உன் கல்யாண அறிவிப்பான ஓலையும் மூன்றாம் முறையாக வாசிக்கப்படும். ஓலைக்கு யாரும் தடை சொல்லவில்லை. நிலத்துக்கு ஒரு தடை இருக்கிறது. சொன்னது நான். இது எதுவும் உனக்குப் புதிய செய்தி இல்லை. ஆனால் போன ஞாயிறு மதியத்திலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. அம்மாவின் போனை எடுத்து "நல்லாருக்கேம்மா" என்று ஒரு சொல் சொல்லி வைத்துவிடுகிறாய். கோவில்பட்டி தாலுகா ஆபீஸ் வாசலிலும் சந்தையிலும் கோர்ட்டிலும் நின்று ஊருக்கெல்லாம் செய்தி எழுதியவன், சொந்தப் பிள்ளைக்கு ஒரு செய்தியைச் சேர்க்க முடியாமல் இருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

அக்கினி நட்சத்திர வெயில். காலை பத்து மணிக்கே கரிசல் காடு அசையத் தொடங்கிவிடுகிறது. எப்போதும்வென்றான் தாண்டி நம் ஊருக்குப் பஸ் திரும்புகிற இடத்தில், உங்கள் கம்பெனி முன்னமே அமைத்த சூரிய மின் தகடுகள் தெரிகிறதல்லவா, அதைப் பார்த்தபடியே நேற்று வந்தேன். கானலும் கண்ணாடியும் சேர்ந்துகொண்டு, கிழக்கே ஒரு பெரிய ஏரி கிடப்பது போல இருந்தது. பருத்திமார் பிடுங்கிய வெடித்த நிலத்துக்கு நடுவில் நீலமாக, அலையே இல்லாத தண்ணீர். ரோட்டோரத்தில் நாலைந்து செம்மறியாடுகள் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தன. பஸ்ஸில் எனக்கு முன் இருந்த கைக்குழந்தையும் அதைப் பார்த்துக் கையை நீட்டியது. எனக்கும் ஒரு நிமிஷம் அது தண்ணீர்தான். நான் உன் வேலையின் எதிரி இல்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். அது அழகாக இருந்தது.

போன ஞாயிறு கோயிலில் நடந்ததை, நீ இல்லாததால், உள்ளபடி சொல்லுகிறேன். இரண்டாவது பாட்டு முடிந்து குருவானவர் உன் பெயரையும் எஸ்தர் பெயரையும் வாசித்தார். இவர்கள் விவாகத்துக்குத் தடை ஏதும் உண்டானால் இப்போதே சொல்லலாம் என்றார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த தாளை எடுத்து, ஓடைக்கரைக் கோயில் நிலத்தைச் சூரிய மின் கம்பெனிக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுக்கும் யோசனை, இரண்டாம் அறிவிப்பு, தடை உண்டானால் சொல்லலாம் என்றார். நான் எழுந்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து, போன் பேச வெளியே போயிருந்த எஸ்தரின் தாய்மாமா உள்ளே வந்துவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்று "தடை இருக்கு" என்று சொல்லுவதை மட்டும் கேட்டார். மனுஷன் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து, "அண்ணாச்சி, பயப்படாதிய. இது பொண்ணுக்கில்ல, மண்ணுக்கு" என்று சொல்லி உட்கார வைத்தாராம். சாயர்புரத்துக்குச் சேதி போய், அங்கிருந்து உன் மாமியார் போன் பண்ணி, உன் அம்மா விளக்கம் சொல்லி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அவள் வீட்டுக்கு வந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "ஏங்க, பிள்ளைக்கு ஓலை வாசிக்கிற அன்னைக்குத்தான் ஒங்களுக்குக் காலு நிமிருமா?"

நிலத்துக்கு ஓலை வாசிப்பது வேறு சபைகளில் உண்டா என்று எனக்குத் தெரியாது. நான் விசாரித்தவரை இல்லை. நம் சபையில் இது எப்படி வந்தது என்று என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் சபை மன்றத்தில் நாலு பேர் கூடி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த காலி இடத்தை ஒருவருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு வேலி போட்ட பிறகுதான் தெரியும். அதற்கப்புறம் நடந்த கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "பொண்ணைக் குடுக்க மூணு தடவ கேக்குதோம். மண்ணைக் குடுக்க ஒரு தடவயாச்சும் கேக்க வேண்டாமா?" என்றாராம். அன்றிலிருந்து கோயில் மண்ணை விற்பதானாலும் குத்தகைக்கு விடுவதானாலும் மூன்று ஞாயிறு அதற்கும் ஓலை வாசிக்க வேண்டும். திடப்படுத்தல் எடுத்துச் சபையின் முழு உறுப்பினரான எவரும், ஆணோ பெண்ணோ, தடை சொல்லலாம். ஒரு முறைதான் எழலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லி உட்கார்ந்த பிறகு திரும்ப எழுந்திருக்கக் கூடாது. யோசனையைக் கொண்டுவந்தவர், மூன்றாம் அறிவிப்பு அன்று சபைக்கு முன் நின்று தடைக்குப் பதில் சொல்ல வேண்டும். பிறகு கை தூக்கச் சொல்வார்கள். பதில் சொல்ல ஆள் வராவிட்டால் தடை நிற்கும். யோசனை அந்த வருஷத்துக்கு விழுந்துவிடும். இந்த யோசனையைக் கொண்டுவந்தவன் நீ.

நீ அதைக் கொண்டுவந்த நாள் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. ஈஸ்டர் லீவுக்கு வந்திருந்தாய். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் செல்போனில் வரைபடத்தை விரித்து, ஓடைக்கரை நிலத்தைச் சுற்றி விரலால் கோடு இழுத்தாய். "சும்மா கெடக்குது அப்பா. பள்ளிக்கூட ஓடு எப்ப விழும்னு தெரியல. விதவை வீடுகளுக்கு மருந்துச் செலவு குடுக்க சபையில வழி இல்ல. வேதத்துல தாலந்துக் காச மண்ணுல பொதைச்சு வச்சவன சோம்பேறின்னு எசமான் திட்டுனது ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாய். நான் ராஜா கேட்டும் தன் முன்னோரின் திராட்சத்தோட்டத்தைக் கொடுக்க மாட்டேன் என்ற குடியானவனைச் சொன்னேன். நீ, "அவன் தன் சொத்த வச்சிக்கிட்டான். இது சபைச் சொத்து, சபை சரின்னா ஒங்களுக்கென்ன?" என்றாய். நல்ல கேள்வி. நான் அடுத்த வசனத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது உன் அம்மா ரசத்தை வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் வேதத்தக் கம்பு மாதிரி சுத்தாதிய. சோறு ஆறுது" என்றாள். அன்றைக்கு உனக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லப் பார்க்கிறேன்.

அந்த நிலம் நமக்கு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். கொடுத்தவள் ஞானப்பூ என்ற பெண். பிள்ளை இல்லை, புருஷனும் போய்விட்டார். எனக்கு அப்போது வேலை கிடைத்த புதிது. அறுப்பின் பண்டிகைக்கு ஊருக்கு வந்திருந்தேன். காணிக்கை ஏலம் முடிந்து, அசனம் என்கிற சபை விருந்துக்கு இலை போட்டாயிற்று. பந்தலுக்குள் வெயில் காசு காசாக விழுந்துகொண்டிருந்தது. கறிக்குழம்பு வாளி வருகிற நேரம் அவள் பந்தியிலேயே எழுந்து நின்றாள். குரல் எழும்பாத பெண். நான் எதிர் இலையில் இருந்ததால் எனக்குக் கேட்டது. "ஓடைக்கரைக் காடு எனக்கப்பறம் கோயிலுக்கு. ஆனா ஆடு வந்தா வெரட்டாதிய." அவ்வளவுதான். உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்த முகத்தை அதற்குப் பிறகு நான் கனவில்கூடப் பார்த்திருக்கிறேன். கனவில் அவள் இன்னும் என்னவோ சொல்வாள். விழித்தால் நினைவிருக்காது. விழிப்பில் கேட்டது அந்த இரண்டு வாக்கியம்தான்.

ஏன் ஆடு என்று கேட்பாய். அந்த ஓடைக்கரையில் உடைமரங்கள் கூட்டமாக நிற்கின்றன. கோடையில் வேறு எங்கும் பச்சை இல்லாதபோது அவற்றின் நெற்று உதிரும். ஓடையில் ஒரு முழம் தோண்டினால் தண்ணீர் ஊறும். புதூர்ப் பக்கத்திலிருந்து ஆடு கொண்டுவருகிறவர்கள் பங்குனி தொடங்கி முதல் மழை வரைக்கும் அங்கேதான் கிடை போடுகிறார்கள். ஆடு படுத்த நிலத்துக்கு எரு. ஆட்டுக்கு நெற்றும் நிழலும். யாரும் யாருக்கும் காசு கொடுத்ததில்லை. பத்திரத்தில் இதில் ஒரு வரியும் கிடையாது. நான் எடுத்துப் பார்த்துவிட்டேன். நான்கெல்லை சொல்லி, சபை சர்வ சுதந்திரமாக அனுபவித்துக்கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது. சட்டப்படி நீ சொல்வதே சரி.

நான் ஒரே ஒருவர் சொன்னதை வைத்து எந்தச் செய்தியும் அனுப்பியதில்லை. குறைந்தது இன்னொருவர் சொல்ல வேண்டும். அதனால் தடை சொல்வதற்கு முன் தேவசகாயத்தைப் பார்க்கப் போனேன். கோயில் மணி அடிப்பவர். அன்றைக்கு என் பக்கத்து இலைகளில் இருந்தவர்களில் உயிரோடிருப்பது அவர் ஒருவர்தான். கட்டிலில் படுத்திருந்தார். ஞானப்பூ என்ன சொன்னாள் என்று கேட்டேன். "எந்திரிச்சா. ஏதோ சொன்னா. எனக்கு அப்ப கறிவாளி மேலதாம் கண்ணு" என்றார். பிறகு, என் முகம் வாடியதைப் பார்த்தோ என்னவோ, "ஒனக்கு வேணும்னா ஆடுன்னு சொன்னான்னு சொல்லுதேன். நீ நல்ல பிள்ள, பொய் சொல்ல மாட்ட" என்றார். அதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே இந்தச் செய்திக்கு ஆதாரம் நான் ஒருவன் மட்டும். கோயிலிலும் அப்படியே சொன்னேன். "இதை நான் கேட்டேன். வேறு யாரும் கேட்டதாக உறுதி இல்லை. நான் தப்பாக நினைவு வைத்திருக்கவும் வாய்ப்பிருக்கிறது" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பின் வரிசையில் ஒருவர், "இதுக்கு எதுக்குவே எந்திரிச்சீரு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

எதற்கு என்றால், கொண்டல்சாமி எழுந்திருக்க முடியாது என்பதற்காக. இப்போது அங்கே கிடை போட்டிருப்பவர் அவர்தான். தலைப்பாகைக்குக் கீழே வெயிலில் சுருங்கிய கண். உங்கள் கம்பெனிப் பையன்கள் குடையும் முக்காலியுமாக வந்து அளந்ததை அவர் பார்த்திருக்கிறார். "கல்யாணப் போட்டோ எடுக்க வந்த பிள்ளைகன்னு நெனச்சேன் சார். பொண்ணு மாப்பிள்ளையக் காணுமேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். வேலி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "குளத்தூர்ப் பக்கம் போகணும். அங்கன உப்புத்தண்ணி. குட்டி தாங்காது" என்றார். உங்கள் பக்கம் யாராவது வந்து பேசலாமே என்றதற்குச் சிரித்தார். "அது ஒங்க கோயிலு. ஒங்க சாமி எடம். எங்களுக்கு அங்கன என்ன பேச்சு?" சொல்லிவிட்டு ஒரு குட்டியைத் தூக்கி நிழலில் விட்டார். நாங்கள் நின்ற இடத்தில் உடைமர நிழல் சல்லடை போலத் தரையில் கிடந்தது. நெற்று ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே இருந்தது. ஆடுகள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலை தூக்கும், நடக்கும், மெல்லும், மறுபடி கேட்கும். நான் திரும்ப வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பேசும் உரிமை என்று நாங்கள் பத்திரிகைக்காரர்கள் நிறையப் பேசுவோம். எனக்கு அது கோயிலில் கிடைத்தது என்று சொன்னால் என் சிநேகிதர்கள் சிரிப்பார்கள். நீ சின்னப் பையனாக இருந்தபோது சபைத் தேர்தலில் சண்டை வந்து, நான் அதைச் செய்தியாக எழுதினேன். எழுத வேண்டாம் என்று பெரியவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். "குடும்பச் சங்கதிய சந்தையில வைப்பீரா?" என்று கேட்டார்கள். வைத்தேன். கொஞ்ச காலம் அசனத்துக்குக் காய் நறுக்க உன் அம்மாவைக் கூப்பிடாமல் இருந்தார்கள். அவளுக்கு அது பெரிய வலி. ஆனால் ஒரு ஞாயிறுகூட எங்களை யாரும் உள்ளே வராதே என்று சொல்லவில்லை. எதிர்த்துப் பேசியவனுக்கும் திருவிருந்தில் அதே அப்பம், அதே கிண்ணம். நான் கற்ற சுதந்திரம் அது. சொன்னதற்குப் பிறகும் அதே பந்தியில் இடம் இருப்பது. வாய் இல்லாதவனுக்காக வாயைத் திற என்று நமக்கு வேதத்தில் கட்டளை இருக்கிறது. உனக்கு இடம் இருக்கிற சபையில், இடம் இல்லாதவன் பேச்சையும் கொண்டுபோய் வை என்றுதான் அதை நான் புரிந்துகொள்கிறேன்.

சொத்தைப் பற்றி. நம் நாலு ஏக்கரில் காற்றாலை வைக்க நான் கையெழுத்துப் போட்டவன். அது நம்முடையது, கொடுத்தேன். வேண்டாம் என்றிருந்தால் எந்தக் கம்பெனியும் என்னை அசைத்திருக்க முடியாது, கூடாது. உழைத்தவன் கையிலிருந்து பிடுங்குவது பாவம் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் காற்றாலைக்கு அடியில் இன்றைக்கும் ஆடு மேய்கிறது. உங்கள் தகடுகளுக்கு அடியில் மேய முடியாது. வேலி வேண்டும் என்று நீயே சொன்னாய். கோயில் நிலத்துக்கு நாம் சொந்தக்காரர்கள் இல்லை, பிறர் சரக்கைக் காத்துப் பரிமாறுகிற உக்கிராணக்காரர்கள். அசனத்தன்று உக்கிராண அறைச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுவார், நீயே ஒரு வருஷம் அந்தச் சாவியை வைத்திருந்து பசியில் சிடுசிடுத்தாய். அரிசி அவருடையது இல்லை. யாரும் பசியோடு திரும்பிவிடக் கூடாது என்பது மட்டும் அவர் பொறுப்பு. கொடுத்தவள் சொன்ன ஒரே ஒரு காரியம் அது என்றால், பத்திரத்தில் இல்லாவிட்டாலும் அது நம்மேல் இருக்கிறது.

இவ்வளவு எழுதிய பிறகும் நீ சொன்னது என்னை விடவில்லை. பள்ளிக்கூட ஓடு உண்மை. மழை நாளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு மூலைக்கு நகர்த்தி உட்கார வைப்பதை நானே பார்த்தேன். ஆட்டைப் பார்த்துப் பிள்ளையை மறந்தால் அதுவும் கெட்ட உக்கிராணம்தான். ஞானப்பூ இன்று இருந்தால் என்ன சொல்வாள்? எனக்குத் தெரியாது. கனவில் அவள் சொல்லி, விழித்ததும் எனக்கு மறந்துபோவது ஒருவேளை அதுவாகவும் இருக்கலாம். குருவானவரிடம் நீ, ஓடைக்கரையை ஒட்டிய துண்டை வேலிக்கு வெளியே விட முடியுமா என்று சென்னை ஆபீஸில் கேட்டிருப்பதாகச் சொன்னாயாம். அவர்தான் நேற்றுச் சொன்னார். உன்னிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள எனக்கு வழி இல்லை. உண்மையானால் சந்தோஷம். இல்லாவிட்டாலும் வா.

வா என்று ஏன் சொல்கிறேன் என்றால், கம்பெனி சார்பில் ஒரு வக்கீல் குருவானவருக்கு எழுத்தில் பதில் அனுப்பலாம் என்று பேச்சு அடிபடுகிறது. சபை அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாது. அப்பாவை எதிர்த்து, கல்யாண ஓலை வாசித்த கையோடு, சபை நடுவில் நின்று எப்படிப் பேசுவது என்று நீ கூசுவது எனக்குப் புரிகிறது. நீ வராவிட்டால் என் தடை நின்றுவிடும். நான் ஜெயித்தேன் என்பார்கள். பிள்ளை மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டதால் கிடைத்த நிலத்தில் ஆட்டைப் படுக்க வைக்க எனக்கு மனசில்லை. நீ வந்து, நான் சொன்னது தப்பு என்றால் தப்பு என்று சொல். நினைவு பிசகிய கிழவன் என்று தோன்றினால் அதையும் சொல். நான் திரும்ப எழுந்திருக்க மாட்டேன். முறைப்படி எழுந்திருக்கவும் கூடாது. நீ பேசி முடிக்கிற வரைக்கும், வாழ்க்கையில் முதல் முறையாக, குறுக்கே ஒரு கேள்வியும் கேட்காமல் நான் உன்னைக் கேட்டுக்கொண்டிருப்பேன். உன் அம்மா இதை நம்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சட்டையைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

இனித் தெரியவேண்டியவை இவை. வேலிக்கோடு பற்றிச் சென்னை ஆபீஸின் பதில் வெள்ளிக்கிழமை வரும் என்று குருவானவர் சொல்லுகிறார். சபை கை தூக்குவது ஞாயிறு, ஒன்பது மணி ஆராதனையில், உன் ஓலைக்குப் பிறகு. கொண்டல்சாமி அதுவரை கிடையைப் பெயர்க்கப் போவதில்லை. உன் அம்மாவின் கை யார் பக்கம் எழும் என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். "ஞாயித்துக்கிழம பாத்துக்கிடுங்க" என்கிறாள். நீ சனிக்கிழமை ராத்திரி வண்டியில் ஏறுவாயா என்பது, இதை எழுதி முடிக்கும் இந்த நேரம் வரை, உறுதியாகவில்லை.

அப்பா